எரிமலை அணைந்துவிட்டது, நிலம் ஓயவில்லை!

எத்தியோப்பியா நாட்டின் அஃபார் பகுதியிலுள்ள ஹைலி குப்பி என்னும் எரிமலை 2025-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி வெடித்தது. அந்த மலை இதற்கு முன் வெடித்ததாக எழுதப்பட்ட வரலாற்றில் பதிவு ஏதும் இல்லை. அது கக்கிய சாம்பல் வானளாவ எழும்பி, செங்கடலையும் ஏமனையும் ஓமனையும் தாண்டி, மறுநாளே இந்திய வான்வெளிக்கு வந்து சேர்ந்தது. குஜராத், ராஜஸ்தான், டில்லி ஆகியவற்றின் மேலே அந்தச் சாம்பல் மேகம் கடந்து சென்றபோது விமான நிறுவனங்கள் சில பயணங்களை ரத்து செய்ய நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு எரிமலையும் குமுறி அடங்கியது.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம், மகாராஷ்டிரத்தில் வாழும் தமிழர்கள் மத்தியில் ஒரு கேள்வி எழுவது இயல்பே. "தக்காணப் பீடபூமி எரிமலைக் குழம்பினால் ஆனது" என்று பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த எரிமலை எங்கே போயிற்று? அது மீண்டும் விழித்துக் கொள்ளுமா?

இக்கேள்வி ஹிஞ்சேவாடிக்கு மிகவும் பொருந்தும். புனே நகரின் மேற்கே, முல்ஷி வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் ஒரு தலைமுறைக்கு முன்பு வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த கிராமம். 1990-களின் இறுதியில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் இங்கே ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவை உருவாக்கத் தொடங்கியது. இன்று கம்ப்யூட்டர் நிறுவனங்களில் வேலை பார்ப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வந்த இளைஞர்களும் குடும்பங்களும் இங்கும், அருகிலுள்ள வாக்கட், மாண், மாருஞ்சி ஆகிய இடங்களிலும் பெருமளவில் வசிக்கிறார்கள். பலர் வாழ்நாள் சேமிப்பை முன்பணமாகக் கட்டி, இருபது ஆண்டுக் கடனில் வீடும் வாங்கியிருக்கிறார்கள். அந்த வீடுகளின் அஸ்திவாரம் ஊன்றி நிற்கும் பாறை ஒரு காலத்தில் உருகி ஓடிய நெருப்புக் குழம்பு என்பது உண்மை. ஆனால் அச்சம் கொள்ள வேண்டியது அந்த நெருப்பைக் குறித்தல்ல.

நகரும் நிலம்

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. ஏழு பெரிய தட்டுகளாகவும் பல சிறிய தட்டுகளாகவும் உடைந்து கிடக்கிறது. ஒவ்வொரு தட்டும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கனமுள்ளது. கண்டங்களும் கடலடி நிலமும் இத்தட்டுகளின் மேல் அமர்ந்து, அவற்றோடு சேர்ந்தே நகர்கின்றன.

கண்டங்கள் நகர்கின்றன என்பதை 1912-ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் வெக்னர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி எடுத்துரைத்தபோது அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. 1930-இல் அவர் கிரீன்லாந்தின் பனியில் மாண்டார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், கடலடியை அளந்து பார்த்தபோதுதான் அவர் சொன்னதன் சாரம் சரி என்று உலகம் ஒப்புக்கொண்டது. தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவை ஒரு காலத்தில் ஒட்டியிருந்த பெருநிலத்திற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் கோண்டுவானா. மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயரே அது.

இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வீதம் வடகிழக்கு நோக்கிச் செல்கிறது. எழுபது வயதுவரை இந்நாட்டில் வாழ்ந்த ஒருவர், தாம் அறியாமலே, மூன்றரை மீட்டர் தூரம் பயணம் செய்திருப்பார். திருநெல்வேலியும் புனேயும் ஒன்றாகவே நகர்வதால் இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரம் மாறுவதில்லை. ஆகவே யாருக்கும் இது தெரிவதில்லை.

பாறை எப்போது உருகும்?

பூமிக்கு அடியில் எங்கும் நெருப்புக் குழம்பு தளும்பிக் கொண்டிருக்கிறது, மேலே ஓர் ஓட்டை விழுந்தால் பீறிட்டு வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. தட்டுகளுக்குக் கீழே உள்ளதும் பாறைதான். உஷ்ணம் மிகுதியாக இருந்தாலும், மேலிருந்து அழுத்தும் பாரத்தினால் அது உருகாமல் கெட்டியாகவே இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெழுகைப்போல் மெல்ல இழைகிறதே தவிர, தண்ணீரைப்போல் ஓடுவதில்லை. அப்பாறை உருகுவதற்கு மூன்று சந்தர்ப்பங்களே உண்டு.

முதலாவது, தட்டுகள் விலகும் இடம். பிரஷர் குக்கரில் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். அழுத்தம் குறைந்தால் அதே சூட்டில் கொதித்து ஆவியாகிவிடும். பாறையும் அப்படியே. தட்டுகள் விலகும் இடத்தில் அழுத்தம் குறைய, அடிப்பாறை உருகி மேலே வருகிறது. அஃபார் பகுதி இத்தகையது. ஆப்பிரிக்கக் கண்டம் அங்கே கிழிந்து கொண்டிருக்கிறது.

இரண்டாவது, ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் புகும் இடம். கீழே செல்லும் தட்டு, கடலடியில் ஊறிய நீரையும் உடன் கொண்டு செல்கிறது. ஈயத்தோடு வெள்ளீயத்தைக் கலந்தால் கிடைக்கும் பற்றாசு, இரண்டில் எதுவும் தனியே உருகாத குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். அதுபோல், நீர் சேர்ந்த பாறையும் குறைந்த சூட்டில் உருகுகிறது. அந்தமான் கடலில் நடப்பது இதுதான். இந்தியத் தட்டு அங்கே கிழக்கு நோக்கி அடியில் புகுவதால் பாரன் தீவு புகைகிறது. இந்தியாவில் இன்றும் உயிரோடுள்ள எரிமலை அது ஒன்றே. அதே விளிம்பில், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, சிக்கியிருந்த தட்டுகள் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரே வீச்சில் விடுபட்டன. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கன்னியாகுமரியிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். எரிமலையும் பூகம்பமும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மூன்றாவது, பூமியின் ஆழத்திலிருந்து அளவுக்கு மீறிய சூடு ஒரே இடத்தில் மேலெழும்பும் இடம். இதற்கு வெப்பப் புள்ளி என்று பெயர். தட்டின் விளிம்பாக இருந்தாலும் நடுவாக இருந்தாலும் அது பொருட்படுத்துவதில்லை. தக்காணத்தை உருவாக்கியது இந்த மூன்றாவது வகை.

தமிழர் தீமிதிக்கும் தீவில் தக்காணத்தின் அடுப்பு

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியா ஆசியாவோடு சேராமல் தென்கடலில் தனித்து மிதந்து கொண்டிருந்தது. அப்போது அதன் வேகம் ஆண்டுக்குப் பதினைந்து சென்டிமீட்டருக்கும் அதிகம். அந்தப் பயணத்தில் அது ஒரு வெப்பப் புள்ளியின் மேல் வந்தது. கூம்பு வடிவ மலை எழுந்து வெடிக்கவில்லை. நிலம் நீள நீளமாகப் பிளந்து, பிளவுகளின் வழியே குழம்பு பொங்கி வழிந்து பரவியது. ஓர் அடுக்கு ஆறியதும் அதன்மேல் மற்றோர் அடுக்கு. இதன் பெரும்பகுதி சுமார் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குழம்பின் ஒரு பகுதி ஆந்திரத்தின் ராஜமுந்திரிவரை சென்றது. அரிப்பில் கரைந்தது போக எஞ்சியதே இன்று ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

புனேயிலிருந்து மும்பைக்கு ரயிலிலோ விரைவுச் சாலையிலோ செல்பவர்கள், கண்டாலா மலைச்சரிவில் இந்த அடுக்குகளைக் கண்ணாரக் காணலாம். கறுத்த பாறைகளுக்கு நடுவே ஆங்காங்கே செம்மண் பட்டை ஓடும். ஒரு குழம்பு ஆறி, மக்கி மண்ணாகி, அதன்மேல் அடுத்த குழம்பு வந்து அம்மண்ணைச் சுட்டுச் செங்கல்லாக்கிய அடையாளம் அது. பாறையில் காணப்படும் சிறு குழிகள் குழம்பிலிருந்து காற்று வெளியேறிய குமிழிகள். பிற்காலத்தில் அக்குழிகளில் நீர் புகுந்து அழகிய படிகங்களை வளர்த்தது. புனேக்கு அருகிலுள்ள வாகோலி கல் குவாரிகளில் கிடைக்கும் கேவன்சைட் என்ற நீலப் படிகத்தை உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். கார்லா, பாஜா குகைகளையும், புனே நகரின் நடுவிலுள்ள பாதாளேஸ்வர் குடைவரைக் கோயிலையும், எல்லோராவின் கைலாசநாதரையும் சிற்பிகள் குடைந்தெடுத்தது இந்தக் கல்லில்தான்.

தமிழகத்தில் வழங்கும் கருங்கல்லும் இதுவும் ஒன்றல்ல. செங்கல்பட்டு, சேலம், மதுரைப் பக்கத்துப் பாறைகள் பூமியின் ஆழத்தில் உருவாகி, கோடானுகோடி ஆண்டுகள் கழித்து வெளியே தெரிந்தவை. அவற்றின் வயதோடு ஒப்பிட்டால் தக்காணத்துக் கல் நேற்றுப் பிறந்த குழந்தை.

அந்த அடுப்பு இப்போது எங்கே? விளக்குச் சுடருக்கு மேலே ஓர் ஓலையை மெல்ல நகர்த்தினால், ஓலையின் அடியில் கரிக்கோடு விழும். சுடர் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தியத் தட்டு வடக்கே போகப் போக, அத்தகைய கோடு ஒன்று கடலில் விழுந்தது. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், பிறகு மொரீஷியஸ் ஆகியவை அந்தக் கோட்டின் மேல் எழுந்த தீவுகள். கோட்டின் முனையில் இருப்பது பிரெஞ்சு நாட்டுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு. அங்குள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் சந்ததியார் இன்றும் அத்தீவில் வாழ்கிறார்கள். மாரியம்மனுக்கும் பாண்டவருக்கும் கோயில் எடுத்துத் தீமிதிக்கிறார்கள். ஹிஞ்சேவாடித் தமிழரின் காலடியில் ஆறிக் கிடக்கும் பாறையும், ரீயூனியன் தமிழரின் காலடியில் இன்றும் பொங்கும் குழம்பும் ஒரே அடுப்பிலிருந்து வந்தவை.

அந்த அடுப்பை விட்டு ஹிஞ்சேவாடி 4,500 கிலோமீட்டருக்கு மேல் விலகி வந்துவிட்டது. ஆகவே இங்கே எரிமலை விழிக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. சிலர் மும்பைக்கு அருகிலுள்ள வஜ்ரேஸ்வரி வெந்நீர் ஊற்றைச் சுட்டிக்காட்டுவர். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே வெகு ஆழம் இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருவதே அந்த ஊற்று; அடியில் குழம்பு இருப்பதற்கு அடையாளமல்ல. புல்டாணா மாவட்டத்து லோனார் ஏரியையும் முன்பு எரிமலை வாய் என்று எண்ணியதுண்டு. வானிலிருந்து வந்து மோதிய விண்கல் உண்டாக்கிய பள்ளம் அது என்பது பிற்கால ஆராய்ச்சியில் தெளிவாயிற்று.

கொய்னா தந்த அதிர்ச்சி

நெருப்பு போய்விட்டது. ஆனால் நகர்ச்சி போகவில்லை. தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடியில் புதுத் தரை உருவாகிப் பின்னாலிருந்து தள்ளுகிறது. வடக்கே இமயம் வழிமறிக்கிறது. இந்த இரண்டிற்கும் இடையே நெருக்கப்படுவது முழு இந்தியத் தட்டும். இமயத்தின் அடியில் அந்த நெருக்கடி பெரிய பூகம்பங்களாக வெளிப்படுகிறது. 2015-ஆம் ஆண்டு நேபாளத்தில் சுமார் ஒன்பதாயிரம் பேரைப் பலிகொண்ட பூகம்பம் அத்தகையது. தட்டின் நடுவிலோ, பண்டைக் காலத்துப் பிளவுகள் ஆழத்தில் மறைந்திருக்கும் இடங்களில் எப்போதாவது ஒருமுறை அது வெடித்து வெளிவருகிறது. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பகுதியைக் குலுக்கிய பூகம்பமும் இவ்வகையே.

ஆயினும், தென்னிந்தியத் தீபகற்பம் அசையாத நிலம் என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவியது. அந்த நம்பிக்கை தகர்ந்த நாள் 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 11. விடியற்காலை நான்கு மணிக்குச் சற்றுப் பின், ஹிஞ்சேவாடிக்கு நேர் தெற்கே சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில், சதாரா மாவட்டத்துக் கொய்னாவில் 6.3 அளவுள்ள பூகம்பம் தாக்கியது. கொய்னாநகர் குடியிருப்பு தரைமட்டமாயிற்று. சுமார் 180 பேர் மாண்டனர். 103 மீட்டர் உயரமுள்ள கொய்னா அணையில் விரிசல்கள் கண்டன. அணை உடையாமல் நின்றது நாட்டின் நல்ல காலம். பின்னர் அதைப் பலப்படுத்தினார்கள்.

காரணத்தை ஆராய்ந்தபோது வியப்பான உண்மை வெளிப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் அணையில் நீர் தேக்கத் தொடங்கிய பிறகே அங்கு நில அதிர்ச்சிகள் மிகுந்தன. நீர்த்தேக்கத்தின் பாரம் நிலத்தை அழுத்தியது. நீர், பிளவுகளின் வழியே ஆழத்தில் இறங்கிப் பாறைகளின் பிடிப்பைத் தளர்த்தியது. ஏற்கெனவே இறுகிப்போயிருந்த இடம் விடுபட்டது. பூகம்பத்தை உண்டாக்கியது தண்ணீரல்ல. காத்திருந்த பூகம்பத்தை அது முன்கூட்டி அழைத்துவிட்டது என்று சொல்லலாம். நீர்த்தேக்கம் தூண்டிய பூகம்பங்களில் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறார்கள்.

அன்று தொடங்கிய அதிர்ச்சி இன்றுவரை நிற்கவில்லை. 5 அளவையும் அதற்கு மேலும் எட்டிய பூகம்பங்கள் மட்டும் இருபதுக்கு மேற்பட்டவை அங்கே ஏற்பட்டுள்ளன. ஒரே இடத்தில் இத்தனை காலம் இது தொடர்வது உலகில் அபூர்வம். அதனாலேயே மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் கராட் நகரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவி, கொய்னாப் பகுதியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டது. 2017-இல் முடிந்த அந்த ஆழ்துளையில், சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர்வரை எரிமலைப் பாறையே வந்தது. அதற்குக் கீழே மிகப் பழமையான கிரானைட் வகைப் பாறை. அதிர்ச்சிகள் பிறப்பது இந்தப் பழம்பாறையில்தான். மேலே விரித்த எரிமலைக் கம்பளம் அதன் பிளவுகளை மூடி மறைத்திருக்கிறது. எங்கே பிளவு இருக்கிறது என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

கிள்ளாரி சொன்ன பாடம்

கொய்னாவிலாவது அணை என்ற ஒரு காரணம் இருந்தது. லாத்தூர் மாவட்டத்துக் கிள்ளாரியில் அவ்வளவு பெரிய அணையும் இல்லை. பூகம்ப வரைபடத்தில் அந்தப் பகுதி முதல் மண்டலம், அதாவது ஆபத்து மிகக் குறைந்தது என்று குறிக்கப்பட்டிருந்தது. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி கணபதி விசர்ஜனம் முடிந்து, மக்கள் அயர்ந்து உறங்கிக் கொண்டிருந்தார்கள். மறுநாள் விடியுமுன், 3 மணி 56 நிமிடத்திற்கு 6.2 அளவுள்ள பூகம்பம் வந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் உறக்கத்திலிருந்து எழவே இல்லை.

கொய்னாவின் அளவும் கிள்ளாரியின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் இறந்தோர் தொகையில் ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். மக்கள் நெருக்கமும் பூகம்பம் மேல்மட்டத்தில் உண்டானதும் இதற்குக் காரணங்கள். ஆனால் முதற்காரணம் வீடுகள். எரிமலைக் கல்லை உடைத்து, மண்சாந்தில் அடுக்கிய இரண்டடிக்கு மேற்பட்ட கனமுள்ள சுவர்கள். வெயில் தாங்குவதற்காக மேலே கனத்த மண்கூரை. நிலம் ஆடியதும் கல் கல்லாகப் பிரிந்து, கூரையோடு உறங்குவோர் மேல் விழுந்தது. பணம் படைத்தவரின் கல்வீடுதான் அவர்களைக் கொன்றது. இலேசான குடிசையில் படுத்திருந்த ஏழைகள் பலர் பிழைத்தார்கள்.

பின்னர் அங்கே துளையிட்டுப் பார்த்தபோது, எரிமலைப் பாறையின் கனம் சுமார் 340 மீட்டர் மட்டுமே என்பது தெரிந்தது. அதற்கு அடியில் இருந்த பழம்பாறைதான் விடுபட்டது. கொய்னாவில் கண்ட அதே கதை. முதல் மண்டலம் என்ற வகையையே 2002-ஆம் ஆண்டின் வரைபடத்தில் எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் ஆபத்தே இல்லாத இடம் என்று எதையும் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டதாகவே அதைக் கொள்ள வேண்டும். அந்த வரைபடத்தின்படி புனேயும் மும்பையும் மூன்றாம் மண்டலத்தில் அடங்கும். சென்னையும் இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்த்தப்பட்டது. கொய்னாப் பகுதி நான்காம் மண்டலம்.

ஹிஞ்சேவாடி நிலை என்ன?

ஹிஞ்சேவாடிக்குச் சாதகமானது, பாறை. பல இடங்களில் சில அடி தோண்டினாலே கெட்டிக் கல் வந்துவிடும். ஆற்று மணலின் மேல் கட்டிய கட்டடத்தைவிடப் பாறையில் ஊன்றிய கட்டடம் குறைவாகவே ஆடும். இது பெரிய ஆறுதல். ஆனால் இந்த ஆறுதல் எல்லா மனைக்கும் பொருந்தாது.

எரிமலைப் பாறை மக்கினால் கரிசல் மண்ணாகிறது. பருத்திக்கு ஏற்ற அம்மண், கட்டடத்துக்குப் பகை. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் அதைத் தாண்டிப் பாறைக்கு இறங்கவில்லையென்றால், பூகம்பம் இல்லாமலே சுவர் பிளக்கும். மேலும், மராத்தியர் 'முரூம்' என்று கூறும் சரளை மண்ணைக் கொட்டி மேடாக்கிய மனைகளும் உண்டு. 2025-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஹிஞ்சேவாடிச் சாலைகளில் வெள்ளம் தேங்கியபோது, இயற்கையான ஓடைகள் அடைக்கப்பட்டதும் திருப்பப்பட்டதுமே காரணம் என்ற குற்றச்சாட்டு பலமாக எழுந்தது. ஓடையைத் தூர்த்த நிலம் பாறையல்ல. வெள்ளத்துக்கும் அது இடம் கொடுக்கும். அதிர்ச்சியையும் அது பெருக்கும்.

குன்றுகளின் நிலையும் இதுவே. மலைச்சரிவைச் செங்குத்தாக வெட்டினால், மக்கிய மேல்மண் பிடிப்பிழந்து நிற்கிறது. 2014-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி, இதே புனே மாவட்டத்து மாலின் கிராமத்தின் மேல் மழையில் மலை சரிந்து 150-க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. 2019-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி புனேயின் கோண்ட்வா பகுதியில், கட்டட வேலைக்காக வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருந்த தொழிலாளர் மேல் சுற்றுச்சுவர் சரிந்து 15 பேர் மாண்டனர். இவை பூகம்பங்கள் அல்ல. ஆனால் மழைக்கே தாங்காத சரிவும் சுவரும் நில அதிர்ச்சியைத் தாங்கும் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

கட்டட அமைப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. கீழ்த்தளம் முழுவதும் சுவரில்லாமல் தூண்களை மட்டும் நிறுத்தி, வாகனம் நிறுத்த விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. மேல்மாடிகள் சுவர்களால் இறுகியிருக்க, ஆட்டம் முழுவதையும் கீழே நிற்கும் தூண்களே தாங்க வேண்டியிருக்கிறது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி பூஜ் பகுதியில் 7.7 அளவுள்ள பூகம்பம் ஏற்பட்டபோது, அதன் மையத்திற்கு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகள் பல இத்தகையவை. கொய்னா ஹிஞ்சேவாடிக்கு அதைவிட அருகில் இருக்கிறது. சரியான கணக்கோடு தூண்களைப் பலப்படுத்தினால் இந்த ஆபத்தைத் தவிர்க்கலாம். அப்படிச் செய்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

பூகம்பம் இன்ன நாளில், இன்ன இடத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை உலகில் இன்னும் யாருக்கும் கைவரவில்லை. அப்படிச் சொல்லிக் கைப்பேசியில் வரும் செய்தி எதுவாயினும் அதை நம்பத் தேவையில்லை. ஆனால் வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை எந்த நாளிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வீடு வாங்குவோர் நீச்சல் குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பற்றிக் கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். மண் பரிசோதனை அறிக்கை உண்டா, அஸ்திவாரம் பாறையில் ஊன்றியதா, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பூகம்ப விதிகளின்படி கணக்கிட்ட பொறியாளரின் சான்று எங்கே என்பனவே முதலில் கேட்க வேண்டியவை. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் நெருக்கமாக உள்ளனவா, வளையத்தின் நுனி உட்பக்கமாக நன்கு மடக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கட்டும்போதே பார்த்துவிடலாம். பூச்சு பூசிய பிறகு பார்க்க முடியாது. தூண் நிலைகுலையாமல் நிற்பதற்கு இந்தச் சிறு மடிப்பு பெரிதும் உதவுகிறது.

ஏற்கெனவே குடியேறிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் கட்டியவர் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் மகாராஷ்டிர ஆணையத்திடம் முறையிடலாம். அதற்குமேல் வயதான கட்டடங்களில், கட்டட உறுதிச் சோதனை நடத்துவது வீட்டுவசதிச் சங்கத்தின் பொறுப்பு. தூணை உடைத்துக் கதவு வைப்பது, மொட்டை மாடியில் கணக்கில்லாத தண்ணீர்த் தொட்டியை ஏற்றுவது போன்றவற்றைச் சங்கக் கூட்டத்தில் தடுத்து நிறுத்தலாம். வாடகைக்கு இருப்போர்கூட இரும்பு பீரோவைச் சுவரோடு பிணைத்து வைக்கலாம். கட்டில் தலைமாட்டுக்கு மேலுள்ள பரணில் கனமான சாமான்களை வைக்காமல் இருக்கலாம். நிலம் ஆடும்போது மின்தூக்கியை நோக்கி ஓடாமல், உறுதியான மேஜையின் அடியில் தலையைக் காத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம்.

நம்மவர்கள் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். மராத்தி மொழி சரளமாக வராது, சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசத் தயக்கம், இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிவிடுவோம் என்ற எண்ணம் ஆகியவை பலரை வாய்மூடி இருக்கச் செய்கின்றன. அருகில் மராத்தியரும் ஆந்திரரும் வடநாட்டாரும் இதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள். ஒரு கட்டடத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து எழுத்து மூலம் கேட்டால், பொறியாளரின் சான்றும் வரைபடமும் வெளிவந்தே தீர வேண்டும்.

கிள்ளாரி மக்களுக்கு அப்படிக் கேட்கும் வாய்ப்பு இருக்கவில்லை. ஆபத்தில்லாத மண்டலம் என்று அரசின் வரைபடமே சொல்லியிருந்தது. ஹிஞ்சேவாடியில் வாழ்பவர்களுக்கு வரைபடம் எச்சரித்திருக்கிறது, சட்டம் உரிமை தந்திருக்கிறது, படிப்பும் இருக்கிறது. அடியிலுள்ள பாறை எப்போது அசையும் என்பது யார் கையிலும் இல்லை. மேலே கட்டிய வீடு நிற்குமா என்பதைச் சோதித்துக்கொள்வது அதில் குடியிருப்பவர் கையில் இருக்கிறது.